பட்டாளத்தப்பனுக்கு ஒரு முகம்

அந்த மீசைய அப்பிடியே விட்டு வை தம்பி. இப்ப கருப்பு தொடாத. மொதல்ல எறங்கி வந்து சாப்பிடு. காலையிலருந்து சாரத்து மேலயே குந்தினு இருக்கற, வயிறு கேக்குமா? கமிட்டி ஆளுங்க எல்லாம் பந்தல்ல சாப்பிடப் போயிருக்காங்க. அவங்க சாப்பிட்டு, வெத்தல பாக்கு போட்டு, மைக் செட்டுக்காரன்கிட்ட வம்பு வளத்துட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும். அதுக்குத்தான் சோத்த நானே எடுத்துகினு வந்தேன். புளிக்கொழம்பு, கொத்தவரங்கா பொரியல். உப்பு கொறச்சலா இருந்தா சொல்லு, கோச்சிக்க மாட்டேன்.

நான் யாருன்னு தெரியலியா. எப்பிடித் தெரியும்? யாரும் காட்டிக் குடுத்திருக்க மாட்டாங்க. நீ வர்ணம் அடிக்கிறியே, துப்பாக்கி புடிச்சிகினு பூட்ஸ் போட்டுகினு நிக்குதே இந்தச் சாமி, பட்டாளத்தப்பன், இவரு பொண்டாட்டி நான். சிரிக்காதப்பா. மூள கலங்கின கேஸ்னும் நெனச்சிக்காத. பூங்காவனம்னு பேரு, ஊர்ல யார வேணா கேளு. சாமி ஆவறதுக்கு முன்னால இவரு மனுசன்தான். எங்கழுத்துல தாலி கட்டின மனுசன்.

விஷயம் இதுதான். இந்த மூஞ்சி அவரு மூஞ்சி இல்ல. செல செஞ்சவன் எங்கியோ ஒரு அய்யனார பாத்து, அதே முட்டக்கண்ணு, அதே முறுக்கு மீசைய வச்சிட்டுப் போயிட்டான். நாளைக்கு விடிஞ்சா கண்ணு தொறக்கறாங்க. கண்ணு தொறந்துட்டா அப்பால யாரும் கை வைக்கக் கூடாது, அது உனக்கே தெரியும். அதுக்குள்ள மூஞ்சிய மாத்திக் குடு. ஒடைக்கச் சொல்லல. ஒரு கரண்டி சிமெண்ட்டு பூசி, வர்ணத்துல எவ்வளவு கொண்டார முடியுமோ அவ்வளவு கொண்டா. நான் பக்கத்துல நின்னு சொல்றேன், நீ போடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

எப்பிடி இருப்பாருன்னுதான கேக்கற? சொல்றேன். சொல்லத்தான வந்திருக்கேன். ஆனா ஆளு எப்பிடின்னு தெரியாம மூஞ்சிய மட்டும் சொன்னா உனக்கு இன்னா வெளங்கும்? நீ சாப்பிடு, நான் பேசறேன்.

மொதல்ல அந்த மீசை. அவருக்கு மீசையே சரியா மொளைக்கல. பட்டாளத்துல கேலி பண்றாங்கன்னு எங்கிட்டயே சொல்லியிருக்காரு. இந்த சுருட்டு, சாராயம், கறுப்பு சேவல் இதெல்லாம் நம்ம ஊரு ஆளுங்க படைக்கிறாங்களே, அவரு உசுரோட இருந்தப்ப ஒண்ணையும் தொட்டதில்ல. சுருட்டுப் பொக மூக்குல பட்டாலே இருமுவாரு. கோழி அறுக்கறப்ப தோட்டத்துப் பக்கம் போயிடுவாருன்னு மாமியாரு சொல்லிச் சிரிக்கும். நல்ல வேர்க்கடல கெடச்சா உரிச்சி உரிச்சி, தான் தின்னாம, யாருக்கும் தெரியாம எங்கையில போட்டுட்டு எங்கியோ பாத்துகினு நிப்பாரு. அப்பேர்ப்பட்ட ஆளு. அவரப் புடிச்சி இங்க கையில துப்பாக்கிய குடுத்து, பல்ல கடிக்க வச்சிருக்கான் பாரு. எனக்கு இதப் பாக்கப் பாக்க வயிறு எரியுது.

அவரு ஆசப்பட்டுப் பட்டாளத்துக்குப் போகல. மழ இல்லாத வருசம் அது. சந்தையில பாட்டுப் பெட்டி வச்சிகினு ஆளெடுக்க வந்தாங்க. வீட்டுக்கு ஒருத்தன் போனா மிச்சப் பேரு சாப்பிடலாம்னு மாமனாரு முடிவு பண்ணிட்டாரு. உண்மையில போவ வேண்டியது சின்னவன் சஞ்சீவி. எங்கொழுந்தன். அவன்தான் ஆளு ஓங்குதாங்கா, மாடு மாதிரி இருப்பான். மார அளக்கறவன் அவனப் பாத்ததும் வாடான்னு கூப்பிட்டானாம். அன்னிக்குப் பாத்து சஞ்சீவிக்கு வயித்துவலி. பாவம், மாமன் ஊருக்குப் போயி வைத்தியம் பாத்துகினு, ஆளெடுக்கறவங்க போன அப்பறந்தான் திரும்பி வந்தான். மாமனாரு குடுத்த வாக்கு இருக்கே, அதுக்காகப் பெரியவரு போனாரு. நெஞ்ச எக்கிக் காட்டி அளவு குடுத்தாராம்.

பட்டாளத்துப் பயிற்சி முடிஞ்சி ஒரு லீவுல வந்தாரு. அந்த லீவுல எனக்கும் அவருக்கும் கல்யாணம். லீவு முடிஞ்சி போனாரு. அவ்வளவுதான் எங்க குடித்தனம். அப்பறம் அவரு வரல. மண்ணாங்கட்டி, எங்க வர்றது? பர்மாவுல கெடந்தாரு.

இரு, மூஞ்சிக்கு வர்றேன். தண்ணி குடி.

சண்ட முடியப் போவுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. ஆரணியில வெள்ளக்காரன் பட்டாசு கூட விட்டுட்டான், ஒரு பக்கம் ஜெயிச்சாச்சின்னு. அரிசி வெல எறங்கும், மண்ணெண்ண கெடைக்கும், ஆம்பளைங்க வீடு திரும்புவாங்கன்னு மாமியாரு பச்ச நெல்ல அவிச்சி வச்சிகினு காத்துகினு இருந்துச்சி. ஆடி மாசம் தந்தி வந்துச்சி. வாத்தியாரு படிச்சாரு. ஒடம்பு இல்ல. எரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால ஏரிக்கர மேல ஒரு கல்ல நட்டு, அதுக்குத் தண்ணி ஊத்தி, அதுக்கு முன்னால எந்தாலிய எடுத்தாங்க. நெட்டுக் கல்லு, என் இடுப்பு ஒசரம். இப்ப இந்தப் பீடம் இருக்கே, அங்கதான் இருந்துச்சி.

எங்க சாதியில அறுத்துக் கட்டற வழக்கம் உண்டு. தப்பே இல்ல, எங்க அத்தையே ரெண்டாவது கட்டினவதான். எனக்கு வயசும் இல்ல, வயித்துல புள்ளையும் இல்ல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எங்கப்பா மாட்டு வண்டி கட்டிகினு வந்துட்டாரு, வாம்மா போவலாம்னு. துணிமூட்ட கட்டியாச்சி. வண்டியில கால வைக்கப் போறேன். அந்த நேரம் பாத்து சஞ்சீவி மேல அவரு வந்துட்டாரு.

ஆமா, எம் புருசன். அதுவரைக்கும் அவன் மேல ஒரு சாமியும் வந்ததில்ல. மாட்டுக் கொட்டாயிலருந்து ஓடியாந்தான், தலமுடி அவுந்து கெடக்குது, கண்ணு செவந்து கெடக்குது. வண்டி மாட்டோட மூக்கணாங்கயித்த புடிச்சிகினு கத்தறான். சுத்தி இருந்தவங்க எல்லாம் யாரு, யாரு வந்திருக்கறதுன்னு கேட்டாங்க.

"நாந்தாண்டா பெரியவன் வந்திருக்கேன். எம் பொண்டாட்டி என் வாசப்படிய தாண்டக் கூடாது. தாண்டினா இந்த வீட்டுல வெளக்கெரியாது."

எங்கப்பா நடுங்கிப் போனாரு. மாமியாரு விழுந்து கும்பிட்டுச்சி. நான் இன்னா பண்ணினேன் தெரியுமா? நான் சிரிச்சேன் தம்பி. அழுதுகினே சிரிச்சேன். செத்தும் என்ன விட மனசில்லாம, அந்த பர்மாவுலருந்து இவ்வளவு தூரம் வந்திருக்காரே, எந்தப் பொம்பளைக்கு இந்தக் கொடுப்பின இருக்குதுன்னு நெனச்சேன். எங்கப்பா வெறும் வண்டிய ஓட்டிகினு திரும்பிப் போனாரு. அப்பறம் அவரு என்னக் கூப்பிட வரவே இல்ல.

குரலா? குரலு மாறித்தான் இருந்துச்சி. சஞ்சீவி குரலு கட்டக் குரலு, அவருது மெல்லிசு. ஆனா செத்தவங்க குரலு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?

அன்னிலருந்து வருசா வருசம் ஆடியில வருவாரு. ஊரே கூடும். மழை வருமா, மாடு பொழைக்குமா, பொண்ணுக்கு மாப்பிள அமையுமா, எல்லாம் கேப்பாங்க. சொல்லுவாரு. எம் விஷயமும் ஒண்ணொண்ணா சொல்லுவாரு. செத்த பட்டாளத்தான் பொண்டாட்டிக்குன்னு சர்க்காரு காட்டுப் பக்கம் கொஞ்சம் நெலம் குடுத்துச்சி, எம்பேருல. எந்தம்பி உழட்டும், அவளுக்கு எதுக்கு மண்ணோட மாரடிக்கிற வேலைன்னாரு. சஞ்சீவி பேருக்கு எழுதிக் குடுத்தேன். எந்தங்கச்சிக்கு அஞ்சாவதும் பொண்ணாப் போச்சி, அதத் தூக்கி வளக்கட்டுமான்னு கேட்டேன். வேத்து ரத்தம் வீட்டுக்குள்ள வேணாம், எந்தம்பி புள்ளைங்க உம் புள்ளைங்க இல்லியான்னாரு. நாயம்தான. வேலூருல ஒரு ஆஸ்பத்திரியில ஆயா வேலைக்கு ஒருத்தரு கூப்பிட்டாரு, சோறு போட்டு, தங்க எடம் குடுத்து. போவட்டுமான்னு கேட்டேன். எம் பொண்டாட்டி கண்டவன் பீய அள்ளறதான்னு ஒரே ஆட்டம். சாட்டைய எடுத்துத் தன்னையே அடிச்சிகிறாரு. எனக்கு வெக்கமாப் போச்சி, ஊரு முன்னால. ஆனா மனசுக்குள்ள குளுந்துதான் போச்சி. எவ்வளவு அக்கற பாரு. அப்பறம் நான் இவங்க வீட்டு மாட்டுக் கொட்டாயதான் அள்ளினேன், அது வேற. நம்ம வீட்டு மாடு.

ஓரகத்திக்குப் பொறாம. அவ புருசன் மேல எம் புருசன் வர்றாரில்ல. அதச் சொல்லியே அவள நான் வெறுப்பேத்துவேன். மூணு வேளையும் சண்ட போடுவோம், ஆடி மாசம் மட்டும் அவ வாயத் தெறக்க மாட்டா.

நீ ஒருமாதிரி பாக்கற. புரியுது. நானும் ஒண்ணும் தெரியாதவ இல்ல தம்பி. ஒரு வருசம் எனக்கே மனசுல ஒரு கொடச்சல். பட்டாளத்துல அவரோட இருந்த ஒருத்தரு வந்துட்டுப் போனாரு, எத்திராசுன்னு, ஆரணிப் பக்கத்து ஆளு. பர்மாவுலருந்து திரும்பி, பேரு விசாரிச்சிகினு வந்தாரு. கன்னியப்பன் வீடு எதுன்னு தெருவுல கேட்டாரு. புருசன் பேர நான் சொல்லக் கூடாது, அவரு கேட்டத அப்பிடியே சொல்றேன், அது தப்பில்ல. கூடத்துல குந்தி, எப்பிடி செத்தாருன்னு சொன்னாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்.

அங்க ஒரே மழையாம். முட்டி வரைக்கும் சேறு. சப்பான்காரன் தோத்துப் போயி, சோறு தண்ணி இல்லாம காட்டுக்குள்ளருந்து வெளிய வந்து ஆத்தத் தாண்டி ஓடிகினு இருந்தானாம். சண்டன்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்லியாம். அன்னிக்குச் சாப்பிட்டு முடிச்சிட்டு, அண்டா கழுவற மொற இவருது. அண்டாவ தூக்கிகினு வாய்க்காலுக்குப் போயிருக்காரு. நாணலுக்குள்ள ஒருத்தன் படுத்துகினு இருந்திருக்கான். ஒரே குண்டு. இவங்கெல்லாம் ஓடிப் போயி பாத்தா, அந்த சப்பான்காரன் தப்பிச்சி ஓடக்கூட இல்லியாம். எலும்பும் தோலுமா குந்திகினு, அண்டா அடியில ஒட்டினு இருந்த சோத்த வழிச்சி வழிச்சித் தின்னுகினு இருந்தானாம். அவனையும் சுட்டுட்டாங்களாம். இவர வரப்பு மேட்டுல பொதச்சாங்களாம். பெரிய குண்டு போட்டு சண்டைய நிறுத்தினாங்களே, அதுக்குக் கொஞ்ச நாள் முந்தி. அதச் சொல்லிட்டு எத்திராசு அழுதாரு. கன்னியப்பன் ஒருத்தரையும் சுட்டு நான் பாக்கல, வானத்தப் பாத்துதான் சுடுவான்னாரு.

அத நான் நம்பினேன். கேட்டதும் நம்பினேன். அவருக்கு நடக்கக் கூடியது அதுதான். அன்னிக்கு நான் கொல்லப் பக்கம் போயி அழுத மாதிரி, தந்தி வந்தப்ப கூட அழல.

அடுத்த ஆடியில வந்தாரு பாரு, அப்பிடி ஒரு கோவம். எவன்டா சொன்னவன், நானா அண்டா கழுவினேன், நாப்பது சப்பான்காரன் தலைய சீவினேன்டா, ஒவ்வொருத்தனையும் சொல்லட்டுமான்னு கத்தறாரு. தோள்பட்டையில கத்தியால கீறிகினாரு. ரத்தம் ஓடுது. ஊரு ஜனம் அத்தனையும் மண்ணுல விழுந்துச்சி. அன்னிலருந்துதான் இவரு பட்டாளத்தப்பன். அதுவரைக்கும் வெறும் ஏரிக்கர கல்லு. நான் யோசிச்சிப் பாத்தேன் தம்பி. எத்திராசு பாத்தவரு. ஆனா இவரு செத்தவரு. செத்த ஆளே வந்து, நான் இப்பிடித்தான் செத்தேன்னு சொல்லும்போது, பக்கத்துல இருந்தவன் பேச்சு பெருசா? எத்திராசு இன்னோர் ஆள மாத்திச் சொல்லிட்டாருன்னு வச்சிகினேன்.

இருந்தாலும் மனசு கேக்கல. ஒரு தடவ அவரையே சோதிச்சிட்டேன். லீவு முடிஞ்சி கெளம்பற அன்னிக்கு விடியறதுக்கு முன்னால எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, அது இன்னா, சொல்லுங்கன்னு கூட்டத்துல நின்னு கேட்டேன். அவ்வளவுதான். சாமியையே சோதிக்கிறியாடின்னு வேப்பிலக் கொத்தால மூஞ்சிலயே அடிச்சாரு. மூணு நாளு மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சி. அப்பறம் எனக்கே புரிஞ்சிபோச்சி. அத்தன பேரு முன்னால அத எப்பிடி சொல்லுவாரு? அவரு எப்பவும் கூச்சப்படற ஆளு.

இன்னா சொன்னாரா? உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா, நீ வெளியூரு. எனக்கு பயமா இருக்குது பூங்கா, நான் போவலன்னாரு. எங்கைய இறுக்கிப் புடிச்சிகினு சொன்னாரு. நான் பேசல. புதுப் பொண்ணு இன்னா பேசறது? கோழி கூப்பிட்டுச்சி, எழுந்து போயிட்டாரு.

சரி விடு. சஞ்சீவி போன வருசம் செத்துட்டான். அவன் போனதுல எனக்கு ரெண்டு சாவு. அவனும் போனான், அவன் மேல வந்தவரும் போனாரு. யாருகிட்ட பேசறது, யாரக் கேக்கறது? பத்து மாசம் செவுத்தப் பாத்துகினு கெடந்தேன். இந்த ஆடியில சஞ்சீவி மகன் தனகோட்டி மேல வந்தாரு. ஓடினேன் தம்பி, இந்த முட்டிய வச்சிகினு ஏரிக்கர வரைக்கும் ஓடினேன். பூங்கா வந்திருக்கேன்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. என்னத் தெரியவே இல்ல அவருக்கு. கமிட்டி ஆளுங்களப் பாத்து, எத்தன காலத்துக்கு என்னத் தனியா வெயில்ல நிக்க வைப்பீங்க, எனக்குக் கோபுரம் கட்டுங்க, பக்கத்துல எனக்கொரு துணைய வையுங்கன்னு கேட்டாரு.

அந்தத் துணைதான் அது. அங்க கோணி போத்தி வச்சிருக்கே, பொம்பளச் செல. பட்டாளத்தம்மான்னு பேரு வச்சிருக்காங்க. நாளைக்கு கும்பாபிசேகம், சாயந்தரம் திருக்கல்யாணம். நோட்டீஸ் பாத்தியா? மாப்பிள வீட்டு சீரு தனகோட்டி வீட்டுலருந்துதான் போவுது. நான்தான் முறுக்கு சுத்திக் குடுத்தேன்.

நான் இருக்கறேனே, எனக்கெதுக்கு இன்னொருத்தின்னு கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லிப் பாத்தேன். சாமிக்குப் பக்கத்துல தாலி அறுத்தவளையா நிறுத்தறதுன்னு கமிட்டித் தலைவரு அடக்கிட்டாரு. யாரு செத்ததுக்கு அறுத்தேன்னு கேக்கணும் போல இருந்துச்சி. அப்பறம் யோசிச்சேன். அவரு மேல தப்பு இல்ல. செத்த அன்னிக்கு இருந்த வயசுலயே அவரு நின்னுட்டாரு. எனக்குத்தான் ஏறிப்போச்சி. தல நரச்சி, பல்லு விழுந்து போயி நின்னா, எளவட்டப் பையனுக்கு எப்பிடி அடையாளம் தெரியும்? நடக்கட்டும், கல்யாணம் நடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கும் நல்ல நெறமா அடி, அதுல எனக்கு வருத்தம் இல்ல.

ஆனா மாப்பிள மூஞ்சியாவது அவரு மூஞ்சியா இருக்கணுமில்ல? இத விட்டா வேற எதுவும் இல்ல தம்பி. ஒடம்பு பர்மாவுல போச்சி. அந்தக் கல்ல பீடம் தோண்டும்போது பேத்து ஏரியில உருட்டிட்டாங்க, ஆகமத்துக்கு ஆவாதாம். போட்டோ கெடையாது. லீவுல வந்தப்ப ஆரணிக்குப் போயி ஒண்ணு புடிச்சிக்கலாம்னாரு. போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்னு மாமியாரு விடல. அவர நேர்ல பாத்தவங்கள்ல நான் ஒருத்திதான் மிச்சம். நானும் போயிட்டா, இந்த முட்டக்கண்ணன்தான் கன்னியப்பன்னு ஆயிடும். பாரு, பேர சொல்லிட்டேன். போவட்டும்.

கைய கழுவிட்டியா? பென்சில எடு. சொல்றேன், எழுது.

நெத்தி நல்ல அகலம். நடுவுல நெட்டா ஒரு கோடு விழும், யோசிக்கும்போது. மூக்கு நுனி கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பினாப்ல இருக்கும். தாட கெட்டி. எடது கண்ணு இமையில ஒரு தழும்பு, கொஞ்சம் இறங்கினாப்ல.

இரு. அத எழுதாத. அது மாடு முட்டினது. சஞ்சீவிய.

மூக்கையும் அழிச்சிடு. அதுவும் அவன்தான்.

இரு தம்பி, அவசரப்படுத்தாத. யோசிக்க விடு.

எப்பிடிப் பாத்திருப்பேன், நீயே சொல்லு. பகல்ல மாமனாரு மாமியாரு எதிர்ல புதுப் பொண்ணு தல நிமிரக் கூடாது. சோறு போடும்போது அவரு கையத்தான் பாத்திருக்கேன். ராத்திரிக்கு வெளக்கு இல்ல. சண்டக் காலம், மண்ணெண்ண அளந்துதான் தருவான், அது அடுப்பங்கரைக்கே பத்தாது. இருட்டுலதான் வந்தாரு, இருட்டுலதான் பேசினாரு, இருட்டுலயே எழுந்து போனாரு. ஊரு எல்ல வரைக்கும் பொம்பளைங்களுக்குப் பின்னால நடந்து போனேன். முதுகு தெரிஞ்சிது. காக்கி சட்ட, முதுகுல ஒரு மூட்ட. அந்த முதுக இப்பக் கேட்டாலும் தப்பில்லாம சொல்லுவேன். செலைக்கு முதுகு எங்க இருக்குது, செவுத்தோட ஒட்டி வச்சிட்டாங்க.

பாத்துக்கலாம், வருவாருல்லன்னு இருந்துட்டேன். லீவுல வரும்போது பாத்துக்கலாம்னு.

கண்ண மூடினா மூஞ்சி வருது தம்பி. வராம இல்ல. தெளிவா வருது, பேசுது, அடிக்குது, கோவப்படுது. எல்லாம் சஞ்சீவி. இத்தன வருசமா ஆடிக்கு ஆடி அந்த மூஞ்சியத்தான எம் புருசன்னு பாத்துகினு இருந்தேன். உங்கிட்ட வந்து ஒவ்வொண்ணா சொல்லும்போதுதான் தெரியுது. யாருக்காவது இப்பிடி நடக்குமா? கூட படுத்தவன் மூஞ்சி தெரியாம ஒருத்தி கெழவி ஆவாளா?

நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தேத்தாத. கமிட்டிக்காரங்க பேச்சுக் குரலு கேக்குது, வந்துருவாங்க.

இந்தா. மடியில இதையும் எடுத்துகினுதான் வந்தேன், எதுக்கும் இருக்கட்டும்னு. தனகோட்டி கல்யாணத்துல எடுத்த போட்டோ. மாப்பிளைக்குப் பக்கத்துல மால போட்டுகினு நிக்கறவன்தான் சஞ்சீவி. மாமியாரு சொல்லும், ரெண்டு பேருக்கும் மூஞ்சியில ஒத்துமையே இல்ல, பெரியவன் என் சாட, சின்னவன் அவங்கப்பன் சாடன்னு. பெத்தவளுக்கு அப்பிடித் தெரியும். ஊருக்கு அண்ணன் தம்பி ஒரே சாடதான. இவன் வயச கொஞ்சம் கொறச்சிடு, கன்னத்துச் சதைய எடுத்துடு. தழும்பு வேணாம்னு சொன்னேன் இல்ல, அதையும் வச்சிடு. அது இல்லன்னா எனக்கு அவரு மாதிரி தெரியாது. மீசையும் இப்ப இருக்கறதே இருக்கட்டும்.

நல்லா பாத்து எழுது தம்பி. கண்ணு தொறக்கற நேரத்துக்கு என்ன மாதிரி ஆளு எதிர்ல நிக்கக் கூடாதாம், அதனால நான் வரமாட்டேன். தொறந்ததும் மொதல்ல கண்ணாடியக் காட்டுவாங்களாம். காட்டட்டும். எத்தன காலம் ஆச்சி, அவரு மூஞ்சிய அவரே ஒரு தடவ பாத்துக்கட்டும்.